வாவியைக் கடக்கும் புகை

2022 டிசம்பர் 8ஆம் திகதி. மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் தமிழ்நாட்டுக் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் வழக்கத்தை மீறிய குளிர். கூடவே, பார்வைக்கு மூடுபனி போலத் தெரிந்தாலும் மூடுபனி அல்லாத ஒரு மங்கல். பல நகரங்களில் வளியின் தரம் உடல்நலத்துக்கு ஒவ்வாத அளவுக்கு இறங்கிவிட்டதாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. மறுநாள் அரச பாடசாலைகளுக்கு விடுமுறை. அதே நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. அதற்குக் கடுங்குளிரைத்தான் காரணமாகச் சொன்னார்கள். புகையோடு முடிச்சுப் போட ஆதாரம் இல்லை.

அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட விளக்கம் ஒன்று: இது எங்கள் புகை அல்ல, எல்லை தாண்டி வந்தது. காற்றின் போக்கைப் பார்த்தால் அது சரிதான். புயலின் மேற்குப் புறத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். மார்கழியில் கங்கைச் சமவெளியின் மேல் தேங்கிக் கிடக்கும் அழுக்கு வளியை அது அப்படியே கடலுக்கு இழுத்துவரும். வங்காளதேசக் கரையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர். வாடைக் காற்றின் சாதாரண வேகத்தில் மூன்று, நான்கு நாள் பயணம். ஆனால் அந்த மூன்று நான்கு நாளில் டாக்கா லொறி கக்கிய புகை அதே புகையாக இருந்திருக்க முடியாது. பருமன் மாறியிருக்கும், வடிவம் மாறியிருக்கும், மேலே ஒட்டியிருந்த சேர்வைகளில் பாதி அழிந்து வேறு பாதி பிறந்திருக்கும். வந்து சேர்ந்ததைப் பார்த்துப் புறப்பட்டது எதுவென்று சொல்வது இதனால்தான் கடினம். உள்ளூர்ப் புகையிலும் இதே சிக்கல் உண்டு. மட்டக்களப்பு வாவியின் கிழக்கே காத்தான்குடியில் கக்கிய புகை மேற்கே கொக்கட்டிச்சோலைக்குப் போகும்போதே மாறத் தொடங்கிவிடுகிறது.

அந்த மாற்றத்தின் தொடக்கத்தைப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் ஒன்றில் காலையில் லாண்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தைக் கைபிடி சுழற்றி இயக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும். முதல் சில வெடிப்புகளில் குழாயிலிருந்து வருவது வெண்புகை. இயந்திரம் இன்னும் சூடேறவில்லை, எரியாத டீசல் நுண்துளிகளாக வெளியேறுகிறது. கண் எரிவது அதனால்தான். பிறகு கலப்பை சேற்றில் இறங்கி இயந்திரம் திணறும்போது கரும்புகை. எரிபொருள் அதிகம், கிடைக்கும் ஒட்சிசன் போதாது, அதனால் பிறக்கும் கரி. சீராக ஓடத் தொடங்கிய பின் குழாயில் எதுவும் தெரிவதில்லை. புகை நின்றுவிட்டதென்று நாம் நினைப்பது அந்த நேரத்தில்தான். உண்மையில் ஆவிகளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் கண்ணுக்குத் தெரியாத நுண்துணிக்கைகளும் தொடர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கின்றன.

டீசல் கரியின் அடிப்படை அலகு 20 முதல் 40 நனோமீற்றர் விட்டமுள்ள உருண்டை. தீச்சுவாலைக்குள்ளேயே இவை பத்துப் பத்தாக, நூறு நூறாக ஒட்டிக் கிளைவிட்ட கொத்துகளாகின்றன. கொத்தின் நடுவில் இருப்பது ஏறக்குறைய தூய காபன். அதன்மேல் எரியாத டீசல், இயந்திரத்தின் உராய்வுநீக்கி எண்ணெய், கந்தகத்தில் பிறந்த சல்பூரிக்கமிலம் எல்லாம் படிந்திருக்கும். உராய்வுநீக்கி எண்ணெயில் கலக்கும் நாகம், கல்சியம், பொசுபரசு ஆகியவையும் சிறிதளவு சேரும். பல்வட்ட அரோமற்றிக் ஐதரோகாபன்கள் என்ற பெரிய குடும்பமும் இந்தப் படிவில்தான் உட்கார்ந்திருக்கிறது. மருத்துவர்களுக்குக் கவலை தருவது பெரும்பாலும் அந்தக் குடும்பம்.

குழாயை விட்டு வெளியேறிய ஓரிரு விநாடிகளில் புகை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நீர்த்துப்போகிறது. வெப்பம் இறங்குவதால் சில ஆவிகள் ஒடுங்கிப் புதிய நுண்துளிகளாகின்றன. நீர்த்துப்போவதால் வேறு சில, துணிக்கையின் மேலிருந்து மறுபடி ஆவியாகப் பறந்துவிடுகின்றன. வாகனப் புகையைச் சோதிப்பவர்கள் நெடுங்காலம் இந்த இரண்டாவது செயலைக் கணக்கில் எடுக்கவில்லை. அடர்த்தியான புகையில் வடிதாளைப் பிடித்து அதில் படிந்ததை நிறுத்து, இவ்வளவு துணிக்கை என்று எழுதிவைத்தார்கள். வெளிவளியில் அதில் கணிசமான பங்கு ஆவியாகிவிடும். ஆவியானது தொலைந்துவிட்டதா என்றால் இல்லை. கதையின் முக்கியப் பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் அலன் ரொபின்சனும் சக ஆய்வாளர்களும் சிறிய டீசல் இயந்திரத்தின் புகையைப் பெரிய பிளாத்திக்கு அறை ஒன்றில் நிரப்பிப் புறவூதா விளக்குகளைப் போட்டார்கள். முடிவு 2007இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. சில மணி நேரத்தில் அறையில் புதிய சேதனத் துணிக்கைகள் பெருமளவு உருவாகின. அதுவரை துணிக்கை தரும் என்று அறியப்பட்டிருந்த ஆவிகளை வைத்துக் கணக்கிட்டால் அதில் சிறு பங்கைத்தான் விளக்க முடிந்தது. மீதிக்குக் காரணம், குழாய்வாயில் ஆவியாகப் பறந்துபோன அந்த நடுத்தர ஆவிகள், அதாவது அரைகுறையாக ஆவியாகும் சேர்வைகள். வெளிச்சத்தில் அவை ஒட்சியேற்றமடைந்து பாரமான மூலக்கூறுகளாகி மீண்டும் துணிக்கையின்மேல் வந்து அமர்ந்தன. எந்தப் பரிசோதனை நிலையத்தின் கருவியும் குழாய்வாயில் துணிக்கை என்று எண்ணாத பொருள், சில மணி கழித்துச் சுவாசத்தில் துணிக்கையாக நுழைகிறது.

மட்டக்களப்பு வாவியின் நிலஅமைப்பு இந்த நேரக்கணக்கை வரைபடத்தில் வைத்துக் காட்டுகிறது. வடக்கே ஏறாவூர், செங்கலடிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைவரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளும் உவர்நீர் வாவி. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் மேய்ச்சலுமான படுவான்கரை. சனமும் கடையும் ஏ4 வீதியும் எழுவான்கரையில். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஊர் விட்டு ஊர் தெரியாமல் நீளும் அந்த வீதியில்தான் பஸ்களும் எல்ஃப் லொறிகளும் வான்களும் ஓடுகின்றன. படுவான்கரையில் வாகனம் குறைவு. முன்பு துறைகளில் பாதைப் படகுக்குக் காத்திருந்து கடந்த மண்முனையில் 2014இல் பாலம் வந்த பிறகு கொஞ்சம் கூடியிருக்கிறது; அறுவடைக் காலத்தில் வெட்டும் இயந்திரங்களும் உழவு இயந்திரங்களும் சேரும். மற்றபடி அமைதியான பக்கம்.

முற்பகலில் கடற்காற்று எழும். அது எழுவான்கரைப் புகையை வாவிக்கு மேலாக மேற்கே தள்ளும். மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் வேகம் என்று வைத்தால் வாவியைக் கடக்கப் பத்துப் பதினைந்து நிமிடம். நடுத்தர ஆவிகளைப் பகல் வெளிச்சத்தில் ஐதரொட்சில் மூலிகம் தாக்கி மாற்ற ஏறத்தாழ மூன்று மணி நேரம் வேண்டும். காற்றின் வேகத்தையும் இந்த நேரத்தையும் பெருக்கிப் பார்த்தால், பத்து மணிக்குக் காத்தான்குடியில் வெளியேறிய ஆவி பெரும்பாலும் துணிக்கையாகி முடிவது கொக்கட்டிச்சோலையைத் தாண்டி, வயல்வெளி முடிந்து மகா ஓயாக் காடு தொடங்கும் பக்கத்தில். வீதியோரத்தில் நிற்பவர் முகரும் புகைக்கும் முப்பது கிலோமீற்றர் உள்ளே மாடு மேய்ப்பவர் சுவாசிக்கும் புகைக்கும் ஊற்று ஒன்று, பொருள் வேறு. உள்ளே போகப் போக அளவு குறையும். அதை மறுக்க முடியாது. ஆனால் குறையும் அளவுக்குள் ஒட்சியேறிய சேர்வைகளின் பங்கு கூடிக்கொண்டே போகும்.

இரவில் காற்று திரும்பும். தரைக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே, கடலை நோக்கி வீசும். கரைவலைக்காரரும் தோணிக்காரரும் காலங்காலமாக நம்பியிருக்கும் காற்று அது. பகலில் உள்ளே போன வளியில் ஒரு பங்கு அதனோடு வாவியை மறுபடி கடந்து ஊருக்கு மேலாகக் கடலுக்குப் போகிறது. மறுநாள் கடற்காற்றில் அதிலும் ஒரு பங்கு திரும்ப வரலாம். கச்சான் காலத்தில், வைகாசி முதல் ஆவணி வரை, மேற்கிலிருந்து வரும் உலர்ந்த வெப்பக்காற்று கடற்காற்றை எதிர்த்து நிற்கும். சில நாட்களில் பிற்பகல்வரை கடற்காற்று கரையேறாது. அப்போது கணக்கு தலைகீழ்: எழுவான்கரைப் புகை நேரே கடலுக்கு.

இப்போது அந்த ஐதரொட்சில் மூலிகத்தைப் பற்றி. வெயிலின் புறவூதாக் கதிர் ஓசோனை உடைக்கிறது. உடைந்து வரும் கிளர்ந்த ஒட்சிசன் அணு நீராவியைச் சந்தித்தால் இரண்டு ஐதரொட்சில் மூலிகங்கள் பிறக்கின்றன. வேண்டியவை கடும் வெயிலும் நிறைந்த ஈரப்பதனும். ஏழரைப் பாகை வடக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவில், இரண்டுக்கும் குறைவில்லை. உலகின் ஐதரொட்சிலில் பெரும்பங்கு அயன மண்டலத்தில்தான் உற்பத்தியாகிறது. நண்பகலில்கூட ஒரு கன சென்ரிமீற்றர் வளியில் அது சில மில்லியன் மட்டுமே. அதே கன சென்ரிமீற்றரில் இருக்கும் மற்ற மூலக்கூறுகள் 25க்குப் பின்னால் பதினெட்டுச் சுழியம். ஒரு மூலிகம் ஒரு விநாடிகூட உயிரோடு இருப்பதில்லை. ஆனாலும் வளிமண்டலத்தைக் கழுவும் வேலையில் பெரும்பங்கு அதனுடையதே. ஐரோப்பியக் குளிர்கால நகரத்தில் நாட்கணக்கில் நடக்கும் வேலை இங்கு மணிக்கணக்கில் முடிகிறது. மேற்குநாட்டு அளவீடுகளை அப்படியே எடுத்து இங்கே பொருத்துவோர் இந்த வேகத்தை மறந்துவிடுகிறார்கள்.

கடலோரம் என்பதால் இன்னொரு வழியும் உண்டு. ஏ4 வீதி நீண்ட தூரத்துக்குக் கடலுக்கு ஒரு கிலோமீற்றருக்குள்ளேயே ஓடுகிறது. அலை சிதறும் உப்புத்தூள் எப்போதும் வளியில் கலந்திருக்கும். டீசலின் நைதரசன் ஒட்சைட்டுகள் நைத்திரிக்கமிலமாகி உப்புத்தூளில் படியும்போது சோடியம் நைத்திரேற்று உருவாகி ஐதரசன் குளோரைட்டு வெளியேறுகிறது. இரவில் நடப்பது இதைவிட விசித்திரமானது. நைதரசன் ஈரொட்சைட்டும் ஓசோனும் சேர்ந்து படிப்படியாக இருநைதரசன் ஐயொட்சைட்டைத் தருகின்றன. அது ஈர உப்புத்துளியில் இறங்கினால் நைத்திரைல் குளோரைட்டு என்ற வாயு பிறக்கும். இரவு முழுதும் சேர்ந்திருக்கும் இந்த வாயு விடியற்காலை வெளிச்சம் பட்டதும் உடைந்து குளோரின் அணுவை விடுகிறது. டீசல் ஆவியில் நிறைந்துள்ள அற்கேன்களை ஐதரொட்சிலைவிடப் பல மடங்கு வேகமாகத் தாக்கக்கூடியது அந்த அணு. அமெரிக்காவின் டெக்சாஸ் கரைக்கு அப்பால் கப்பலில் சென்று அளந்தவர்கள் இதை 2008இல் முதன்முதலில் வெளிவளியில் உறுதிசெய்தார்கள். நமது இரவுகள் வெப்பமானவை. இருநைதரசன் ஐயொட்சைட்டு வெப்பத்தில் எளிதில் உடைந்துவிடும் என்பதால் இந்த வழி இங்கு சற்று மட்டுப்படும். வீதியோரத்தில் புதிதாக வரும் நைத்திரிக் ஒட்சைட்டும் ஓசோனைத் தின்றுவிடும். எனவே இது நடக்கக்கூடிய இடம் வீதியோரம் அல்ல, தரைக்காற்று புகையை ஏந்திக்கொண்டு போகும் கடலின் மேல்.

நஞ்சு கூடுகிறதா, குறைகிறதா? எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். ‘வெயில் பட்டால் புகை சுத்தமாகும்’ என்பவரும் உண்டு, ‘வெயில் அதை இன்னும் விஷமாக்கும்’ என்பவரும் உண்டு. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருக்கிறது.

1978இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் றிவர்சைட் வளாகத்தில் ஜேம்ஸ் பிற்ஸ் குழு, புகையில் காணப்படும் பென்சோபைரீன் என்ற ஐதரோகாபனைக் கண்ணாடி நார் வடிதாளில் பூசி, அழுக்கு நகர வளியில் இருக்கும் அளவு நைதரசன் ஈரொட்சைட்டு அதன்மேல் பட விட்டது. விளைந்தவை நைத்திரோச் சேர்வைகள். பென்சோபைரீன் பற்றீரியாவின் மரபணுவைக் கெடுக்க வேண்டுமானால் முதலில் உடலின் நொதியம் அதை மாற்றித்தர வேண்டும். இந்தப் புதிய சேர்வைகளோ நொதியத்தின் உதவியின்றி நேரடியாகவே கெடுத்தன. ஆய்வு உலகில் அது பெரிய பரபரப்பு. உடனே ஓர் ஐயமும் எழுந்தது: இந்தத் தாக்கம் வளியில் நடக்கிறதா, அல்லது நாம் புகையைச் சேகரிக்கும் வடிதாளின் மேல்தான் நடக்கிறதா? வடிதாளில் பிடித்து மணிக்கணக்கில் வளியை இழுக்கும்போது, பிடிபட்ட துணிக்கை தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும். அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை உற்பத்தி செய்துவிடலாம். இந்த ஐயம் இன்றுவரை துறையை விட்டுப் போகவில்லை.

பின்னர் வந்த தெளிவு அழகானது. பைரீனோடு நைத்திரோக் கூட்டம் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் பிறந்த இடம் தெரிந்துவிடும். 1-நைத்திரோபைரீன் இயந்திரத்துக்குள் பிறப்பது, டீசலின் கையொப்பம். 2-நைத்திரோபைரீனும் 2-நைத்திரோபுளோராந்தீனும் இயந்திரத்தில் ஏறக்குறைய உருவாவதில்லை. ஆவியாக இருக்கும் தாய்ச்சேர்வையை மூலிகங்கள் வெளிவளியில் தாக்கும்போதே வருகின்றன. இந்த இரு வகைகளின் விகிதத்தைப் பார்த்தால் புகை எவ்வளவு முதிர்ந்தது என்று மதிப்பிடலாம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டீசல் புகையிலும் வெளிவளித் துணிக்கையிலும் 3-நைத்திரோபென்சந்திரோனைக் கண்டுபிடித்தார்கள். பற்றீரியாப் பரிசோதனையில் அதுவரை அறியப்பட்ட மிக வலிய மரபணுக்கேடிகளுள் அதுவும் ஒன்று. குயினோன்களும் இந்த முதிர்ச்சியில் பிறக்கின்றன. நுரையீரலுக்குள் போன குயினோன் இலத்திரனை வாங்கி ஒட்சிசனிடம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வரும். ஒரு மூலக்கூறு பல தடவை சுற்றிச் சுற்றித் தாக்கம் நடத்தும். நிறையில் சொற்பமானது இழையங்களுக்குப் பெரிய சுமையாவது இப்படித்தான்.

மறுபக்கம்: 1-நைத்திரோபைரீன் வெயிலில் சில மணிகளில் சிதைந்துவிடும். பென்சோபைரீனும் ஓசோனுக்கு முன் நிலைக்காது. ஆனால் அதன்மேல் ஒட்சியேறிய சேதனப்படிவு மூடிக்கொண்டால் என்னவாகும்? 2017இல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மணிஷ் ஸ்ரீவஸ்தவாவும் குழுவினரும் காட்டியது இது: குளிர்ந்த, உலர்ந்த வளியில் அந்தப் படிவு தார்போல் இறுகி ஓசோனை உள்ளே விடாது, பென்சோபைரீன் காப்பாற்றப்பட்டு நெடுந்தூரம் பயணிக்கும். வெப்பமும் ஈரமும் உள்ள வளியில் படிவு இளகிவிடும். ஓசோன் உள்ளே புகும். இதை மட்டக்களப்புக்குப் பொருத்திப் பார்த்தால், நம் வீதிப் புகையின் பென்சோபைரீன் இங்கேயே விரைந்து அழியும். மார்கழிக் குளிரில் கங்கைச் சமவெளியில் புறப்பட்டது கொஞ்சம் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். விரிகுடாவின் வெதுவெதுப்பான ஈரவளிக்குள் இறங்கிய பிறகு அதன் காப்பும் இளகும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 யூன் மாதம் லியோன் நகரில் கூடி டீசல் புகையை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகையில் சேர்த்தது. 1988இலிருந்து அது ‘அநேகமாக உண்டாக்கக்கூடும்’ என்ற படியில் இருந்தது. தீர்ப்புக்கு வலுவூட்டிய முக்கிய ஆதாரங்களுள் ஒன்று அதே ஆண்டில் வெளிவந்த அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் ஆய்வு, 12,315 பேர். சுரங்கத்துக்குள் வெயில் இல்லை. அவர்கள் சுவாசித்தது முதிராத, பச்சைப் புகை. ஆகவே புற்றுநோய் பற்றி நாம் உறுதியாக அறிந்தது பெரும்பாலும் பச்சைப் புகையைப் பற்றியது. நாம் தினமும் சுவாசிப்பதோ வெயில் பட்டது. வேதியியலில் இவை இரண்டும் வேறு பொருட்கள் என்றால், சுரங்கத்தின் எண்களை வயல்வெளிக்கு அப்படியே கொண்டுவருவது சரியாகாது. எந்தப் பக்கம் பிழைக்கும் என்பது சேர்வைக்குச் சேர்வை வேறுபடும். வீதியோரத்தில் கடை வைத்திருப்பவர், பஸ் தரிப்பிடத்தில் நாள் முழுதும் நிற்பவர், வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகின் இயந்திர அறைக்குள் இறங்குபவர்: இவர்களுக்குச் சுரங்க ஆய்வு நேரடியாகப் பொருந்தும். அவர்களுக்கு முன்னால் நின்று ‘முதிர்ந்த புகைதான் ஆபத்து’ என்று பேசுவது வீண்பேச்சு.

கரியின் நடுக்காபனுக்கு வருவோம். இதற்கு வேதியியல் முதுமை கிடையாது என்றே சொல்லலாம். ஓசோன் மேற்பரப்பைத் தொட்டுக் கொஞ்சம் ஒட்சியேற்றிவிட்டு நின்றுவிடும். மாறுவது வடிவம். ரென்யி சாங் தலைமையில் டெக்சாஸில் நடந்த ஆய்வு 2008இல் காட்டியபடி, சல்பூரிக்கமிலம் படிந்து ஈரம் ஏறியதும் கிளைவிட்ட கொத்து உள்வாங்கிச் சுருங்குகிறது. கரையில் காயப்போட்ட வலை அகன்று கிடக்கும். நனைத்து எடுத்தால் கையடங்கத் திரண்டுவிடும். கரிக்கொத்துக்கும் நடப்பது அதுதான். திரண்ட கரியைச் சுற்றி ஒளிபுகும் படிவு இருப்பதால் அது கூடுதல் வெயிலை உள்ளே திருப்பி உறிஞ்சும் என்பது கோட்பாடு. ஆய்வுகூடத்தில் உறிஞ்சல் இரண்டு மடங்குவரை போனதும் உண்டு. ஆனால் 2010இல் கலிபோர்னியாவின் வெளிவளியில் அளந்தபோது கூடியது சுமார் 6 சதவீதமே. காலநிலை மாதிரிகளைக் கட்டுவோருக்கு இது இன்னும் தலைவலி.

நமக்கு இதில் முக்கியமானது வேறொன்று. எண்ணெய் பூசிய பச்சைக்கரி நீரோடு ஒட்டாது. மழைத்துளியின் கருவாக ஆகாது. படிவு ஏறி முதிர்ந்த கரி நீரை இழுக்கும், முகிலுக்குள் துளியின் நடுவில் போய் உட்காரும், மழையோடு இறங்கும். வளியில் கரியின் சராசரி ஆயுள் ஒரு கிழமைக்கு முன்பின் என்பதற்கு மழைதான் காரணம். அதனால் மாரி மழை ஊரைக் கழுவுகிறது என்பது பாதி உண்மை. ஐப்பசியிலிருந்து தைவரை மட்டக்களப்பில் கொட்டும் மழை, வாடையோடு வந்த முதிர்ந்த கரியை நன்றாகவே இறக்கும். மழைக்குள் ஓடும் பஸ்ஸின் பின்னால் வரும் பச்சைக்கரியை அது அவ்வளவாகத் தொடாது. இறங்கியது போகும் இடம் வாவி. கடலோடு வாவி கலப்பது பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் மட்டும். அதுவும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் தடைபடும். கரியும் அதில் ஒட்டிய ஐதரோகாபன்களும் நீரில் கரையாமல் சேற்றில் படிந்து, கண்டல் வேர்களின் இடையில் தங்கிவிடுகின்றன. வெயில் புகாத அந்தச் சேற்றில் ஒளித்தாக்கமும் நின்றுபோகிறது. வளியில் மணிக்கணக்கில் மாறிய பொருள் அங்கே ஆண்டுக்கணக்கில் மாறாமல் கிடக்கும்.

வாடையோடு வருவதைப் பற்றி ஆய்வுலகம் முதலில் பெரிய அளவில் பேசியது 1999இல். தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்திரன் இராமநாதனும் நோபல் பரிசு பெற்ற போல் குருட்சனும் வழிநடத்திய இந்துசமுத்திரப் பரிசோதனை, அந்த ஆண்டு சனவரி முதல் மார்ச்சுவரை விமானம், கப்பல், மாலைதீவு நிலையம் என்று பல வழியிலும் அளந்தது. தெற்காசியாவிலிருந்து கடல்மேல் பரவிய, ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தடிப்பான பழுப்பு மூட்டத்தைக் கண்டது. உடனே சண்டை தொடங்கிவிட்டது: இதற்குப் பொறுப்பு டீசலும் நிலக்கரியுமா, வீட்டு அடுப்பும் வயல் எரிப்புமா? துணிக்கைகளின் வேதியியல் விகிதங்களைப் பார்த்தவர்கள் டீசல், நிலக்கரிப் பக்கம் சாய்ந்தார்கள்; எரிபொருள் கணக்கைப் பார்த்தவர்கள் விறகு, சாணம் என்றார்கள். பயணத்தில் விகிதம் மாறிவிடும் என்பதால் முதல் தரப்பின் சாட்சி பலவீனமானது. உராய்வுநீக்கி எண்ணெய்க்கு அடையாளமாக வைத்திருந்த ஓப்பேன் சேர்வைகள்கூட ஐதரொட்சில் பட்டால் தேய்கின்றன. வெயில் எல்லாக் கைரேகையையும் அழித்துக்கொண்டே வருகிறது.

அழிக்க முடியாத ஒன்று உண்டு. டீசல் பல கோடி ஆண்டு நிலத்தடியில் கிடந்ததிலிருந்து வருவது. அதில் காபன்-14 மிச்சமில்லை. நேற்று வெட்டிய விறகில் உண்டு. ஒட்சியேற்றம் எத்தனை நடந்தாலும் காபன் அணுவின் கரு மாறாது. சுவீடனின் ஓர்யன் குஸ்தாவ்சன் குழு மாலைதீவின் ஹனிமாதூவிலும் மகாராஷ்டிரத்தின் சிங்ககட்டிலும் சேகரித்த துணிக்கைகளில் இதை அளந்து 2009இல் வெளியிட்டது: கரியில் பாதி முதல் மூன்றில் இரண்டுவரை உயிர்மப் பொருட்கள் எரிந்ததால் வந்தது, மீதி நிலத்தடி எரிபொருள். இருதரப்பும் ஓரளவு சரி என்பது தீர்ப்பு. 2019இல் அதே ஆய்வுமரபினர் தில்லி, வங்காளதேசத்தின் போலா, ஹனிமாதூ மூன்றையும் ஒப்பிட்டு, நீரில் கரையும் பழுப்புக் காபன் வழியிலேயே வெளிறி, ஒளி உறிஞ்சும் திறனில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது என்று காட்டினார்கள். மங்கலாக நம்மிடம் வந்தது புறப்பட்டபோது இன்னும் பழுப்பாக இருந்தது.

ஆனால் காபன்-14 எரிபொருளைச் சொல்லும், ஊரைச் சொல்லாது. 2022 டிசம்பர் மங்கலில் எங்கள் பஸ்ஸின் பங்கு எவ்வளவு என்று அதனிடம் கேட்டால், டாக்கா டீசலும் கல்முனை டீசலும் அதற்கு ஒன்றுதான். அந்த வாரத்தில் வந்தது பெரும்பாலும் வெளியிலிருந்து என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைச் சொல்லியே ஆண்டின் மற்றப் பதினொரு மாதத்தையும் கடந்துபோவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அதே 2022இல் யூன் கடைசியில் எரிபொருள் விற்பனை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று நிறுத்தப்பட்டு வீதிகள் வெறிச்சோடின. சமையல் வாயுவும் இல்லாததால் விறகு அடுப்புகள் எரிந்தன. உள்ளூர்ப் புகையில் டீசலின் இடத்தை விறகு பிடித்த அந்தக் கிழமைகளில் யாராவது வடிதாள் பிடித்திருந்தால் நாம் தேடும் விடையில் பாதி கையில் இருந்திருக்கும்.

சட்டம் பார்ப்பது வேறு. வாகனப் புகைப் பரிசோதனை 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிப் பிற மாகாணங்களுக்கும் வந்தது. டீசல் வாகனத்தில் அளப்பது புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை, அதாவது கருமையை. நடுத்தர ஆவிகள் ஒளியை மறைப்பதில்லை, ஆகவே அவை சான்றிதழில் ஏறுவதில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும்வரை ஓடியவை பழைய இயந்திரங்கள். 10 பிபிஎம் கந்தகமுள்ள சுப்பர் டீசல் 2018இலிருந்து விற்பனைக்கு இருக்கிறது. ஆனால் பஸ்ஸும் லொறியும் நிரப்புவது விலை குறைந்த சாதாரண டீசல். கந்தகம் கூடினால் வடிகட்டியும் வினையூக்கியும் கெடும். வளியில் சல்பூரிக்கமிலப் படிவும் கூடும், கரி விரைவில் முதிரும். வளித்தரத்துக்கு 2008 வர்த்தமானி வைத்த வரம்பு 2.5 மைக்கிரோமீற்றருக்குக் குறைந்த துணிக்கைக்கு 24 மணிச் சராசரி கன மீற்றருக்கு 50 மைக்கிரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021இல் வைத்தது 15. இரண்டும் நிறைக்கணக்கு. கடலுப்பும் குயினோனும் தராசில் ஒன்றே.

மட்டக்களப்பில் இதைச் சரியாக அளக்க வேண்டுமானால் பெரிய செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். எழுவான்கரையில் ஏ4 வீதியோரம் ஒரு நிலையம், கடற்காற்றின் வழியில் படுவான்கரை வயலுக்குள் இன்னொன்று, இரண்டிலும் ஒரே நாளில் பகல் வடிதாளும் இரவு வடிதாளும். வடிதாளின் முன்னால் ஓசோனை உறிஞ்சும் குழாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிற்ஸ் காலத்து ஐயம் திரும்பிவரும். எடுத்த தாளை வெளிச்சம் படாமல் குளிரில் வைக்க வேண்டும், மின்தடைக்கு மாற்று ஏற்பாட்டோடு. 1-நைத்திரோபைரீனும் 2-நைத்திரோபுளோராந்தீனும் சேர்த்து அளந்தால் முதிர்ச்சி தெரியும். சில தாள்களை மட்டும் காபன்-14க்கு வெளிநாட்டுக்கு அனுப்பலாம். மாசி, பங்குனியில் தொடங்குவது நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வாடையின் பலம் குறைந்திருக்கும், கச்சான் இன்னும் எழுந்திருக்காது, கடற்காற்று நாள்தோறும் தவறாமல் மேற்கே போகும். கச்சான் மாதங்களில் கொழும்புப் பக்கத்து வளியும் மலைநாட்டு மழையில் பாதி கழுவப்பட்டு இங்கே வந்து கலக்கும். அதை இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.